அலுப்பு ஏற்றிப் போன வண்டி

கம்பெனிக்காரர்கள் தாளில் ஒரு சார்ஜுக்கு நூற்றைம்பது என்று அச்சடித்துக் கொடுத்த கிலோமீட்டர், கடை வாசலிலிருந்து ரோட்டுக்கு இறங்கியதும் நூற்றிருபதாகி, மலையடிவாரத்தைத் தொட்டதும் நூற்றுப் பத்தாகி, எழுபத்தோரு வளைவும் ஏறி எங்கள் ஈச்சங்காட்டில் வந்து மூச்சு விட்டபோது நூற்று நாலாகிவிட்டிருந்தது. எனக்குத் தேவைப்பட்டதோ நூற்றுப் பத்து. போக ஐம்பத்தைந்து, வர ஐம்பத்தைந்து, அதில் ஆறே ஆறு கிலோமீட்டர் பற்றவில்லை.

என் வீட்டுக்காரர் பெயர் சேட்டு, போர்வெல் லாரியில் வேலைக்குப் போய் வடக்கே எங்கெங்கோ பூமியைத் துளைத்துக்கொண்டிருப்பவர். மலையில் பெட்ரோல் பங்கு கிடையாது, கரண்டு இருக்கிறது, அதனால் கரண்டு வண்டி வாங்கிவிடுவோம் என்று ஒரு லீவில் வந்தபோது யோசித்து, பார்க்க ஆம்பளை பைக்கு மாதிரியும் ஓட்டக் கியர் இல்லாமலும் இருந்த அந்தக் கறுப்பு வண்டியை வாங்கி, எனக்கு இரண்டே நாளில் ஓட்டக் கற்றுக்கொடுத்துவிட்டு மறுபடி லாரி ஏறிப் போய்விட்டார். அந்த ஆறு கிலோமீட்டரைப் பிடிக்க நான் செய்யாத வேலை இல்லை. ஞாயிற்றுக்கிழமை தோறும் டயருக்குக் காற்று அடித்தேன், முப்பதுக்கு மேல் முறுக்காமல் ஓட்டினேன், வளைவில் பிரேக் பிடிக்காமல் முன்னாலேயே முறுக்கை விட்டு உருட்டினேன், பின்சக்கரத்தில் சேலை சிக்காமலிருக்கப் போட்ட கம்பியைக் கழற்றி வீட்டில் வைத்தேன், கடைசியில் எவர்சில்வர் டிபன் டப்பாவை விட்டுவிட்டு இட்லியை வாழையிலையில் கட்டிக்கூட எடுத்துப் போனேன். நூற்று நாலு நூற்று நாலாகவே நின்றது, அவ்வளவுதான். ஐம்பத்து நாலாவது வளைவில், மிளகு எஸ்டேட் கேட்டுக்கு எதிரில், வண்டி பெருமூச்சு கூட விடாமல் நின்றுவிடும்.

போய் வந்தது எதற்கு என்றால் என் மகளுக்காக. கனிஷ்கா, நாங்கள் கூப்பிடுவது கனி. பிறந்ததிலிருந்து காது கேட்காத பிள்ளை. நாலு வயதில் அரசாங்கச் செலவில் மண்டைக்குள் ஒரு மிஷினும் காதுக்கு மேலே ஒரு மிஷினும் வைத்தார்கள். மிஷின் வைத்துவிட்டால் கேட்டுவிடும் என்று நினைத்திருந்தோம். சத்தம் கேட்கும், ஆனால் அந்தச் சத்தம் தட்டு விழுந்ததா, நாய் குரைத்ததா, அம்மா கூப்பிட்டாளா என்று பிள்ளைக்குச் சொல்லித்தர ஒரு வருஷம் ஆகும் என்றார் டவுனில் இருக்கும் பேச்சு வகுப்பின் ஜெசிந்தா டீச்சர். முதலில் வாரம் இரண்டு நாள் போனோம். பஸ்ஸில் போனால் நாற்பதாவது வளைவில் வாந்தி, இருபதாவது வளைவில் தூக்கம், வகுப்பில் பிள்ளை துவைத்துப் போட்ட துணி மாதிரி கிடக்கும். வண்டியில் முகத்தில் காற்றடிக்கப் போனால் தெளிவாக இருக்கும். அதனால் வண்டிதான்.

வகுப்பு மாடியில் இருப்பதால் அங்கே சார்ஜ் போட வழியில்லை, திரும்பி வரும்போது அடிவாரத்தில் இஸ்மத் பாய் பஞ்சர் கடையில் போடுவேன். பகலில் சுத்துப்பட்டுத் தோட்டத்து மோட்டாரெல்லாம் ஓடுவதால் வோல்டேஜ் இருக்காது, சார்ஜர் மூன்று மணி வரை சிவப்பு லைட்டைக் காட்டிக்கொண்டே இருக்கும், அப்புறம்தான் பச்சை வந்து கரண்டு ஏறத் தொடங்கும். பன்னிரண்டுக்கு அடிவாரம் வந்தவள் வீடு சேர ஆறு ஆகிவிடும். வாரம் இரண்டு நாள் என்பதால் தாங்கினேன். தை மாதம் டீச்சர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"பூமதி, இவளுக்கு வர தைக்கு ஆறு வயசு. அதுக்குள்ள வார்த்தை வந்துட்டா வந்தது. அதுக்கப்புறம் நான் தலைகீழா நின்னாலும் கஷ்டம். இனிமே தினமும் கூட்டிட்டு வரணும்."

"தினமுமா டீச்சர்?"

"ஞாயித்துக்கிழமை வேணா விட்டுக்கோ."

தினமும் என்றால் தினமும் ஆறு மணிக்கு வீடு. மிளகு எடுக்க யார் போவது, மாட்டைப் பிடித்துக் கட்டுவது யார், எப்போது உலை வைப்பது. பச்சை லைட்டுக்குக் காத்துக் காத்து ஒரு வருஷத்தில் நான் மனுஷியாக மிஞ்சுவேனா என்று யோசித்துக்கொண்டே அன்று ஏறி வந்தேன். அந்த வாரமே அது நடந்தது.

பக்கத்து வீட்டுச் சடைச்சி அக்கா அடிவாரத்தில் ஒரு சாவுக்குப் போகவேண்டும் என்று என் பின்னால் ஏறிக்கொண்டாள், கனி முன்னால் டேங்கில். அக்காவுக்கு நாற்பத்தைந்து வயது, இருபத்தெட்டு வருஷமாக எஸ்டேட்டில் மிளகு எடுக்கிறவள். சவுக்கு மாதிரி ஓங்கி நிற்கும் மரத்தில் ஒற்றை மூங்கிலைச் சாய்த்து, அதன் கணுவில் கால் வைத்து ஏறி, இடுப்புச் சாக்கை நிறைத்து இறங்குகிற வேலை. ஏறி உட்கார்ந்த நேரத்திலிருந்து பேசாமல் வந்தாள். நாற்பதாவது வளைவில் என் முதுகில் சாய்ந்தாள், இருபதாவது வளைவில் உறங்கினாள், அடிவாரம் வந்ததும் முழித்து, சட்டென்று குதித்து இறங்கி, சேலையை உதறிக்கொண்டு, "என்னா புள்ள, கல்யாணத்துக்கு வந்த மாதிரி இருக்குது எனக்கு" என்று சாவு வீட்டைப் பார்த்து விறுவிறுவென நடந்தாள்.

அவள் இறங்கிவிட்டாள், வண்டி எழவில்லை. பின்பக்க ஸ்பிரிங் அமுங்கினது அமுங்கினபடியே இருந்தது. சீட்டில் ஒன்றும் இல்லை, ஆனால் கையை வைத்துத் தள்ளினால் ஈரமணல் மூட்டை மாதிரி கனத்தது. அந்தக் கனத்தை மெதுவாகத் தள்ளித் தள்ளி சீட்டின் ஓரத்துக்குக் கொண்டுவந்து விட்டேன். தொப்பென்று விழுந்து புழுதி கிளம்பியது. ஸ்பிரிங் எழுந்தது. மீட்டரைப் பார்த்தேன். எப்போதும் நூறு சதவீதத்தில் கிளம்பி அடிவாரத்தில் தொண்ணூற்றேழு காட்டும் வண்டி, அன்றைக்கு நூற்றுப் பதினெட்டு காட்டியது. நூறுக்கு மேலே அதில் எண் இருக்கிறது என்று எங்களுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

இஸ்மத் பாய் ஸ்பானரைத் துடைத்துக்கொண்டே வந்து பார்த்தார். "கனம் ஏத்தி எறங்கினா இந்த மாதிரி வண்டி திரும்பக் கரண்டு வாங்கிக்கும்மா. லோடு எறங்க எறங்க பேட்டரி ஏறும். மேல இருந்து கல்லு ஏத்தி வந்தா கூட ஆகும்."

"கல்லுக்கு எங்க போறது பாய், பாறையெல்லாம் பாரஸ்ட்டு ஆளுங்க எண்ணி வெச்சிருக்காங்க. இது சடைச்சி அக்காவோட அலுப்பு."

"அதுவும் கனந்தானே" என்றார் பாய், கடைக்குள் போய்விட்டார்.

அன்று நான் சிவப்பு லைட்டையும் பார்க்கவில்லை, பச்சை லைட்டையும் பார்க்கவில்லை. பத்தரைக்கு வகுப்பு முடிந்து, ஐம்பத்து நாலாவது வளைவைத் தாண்டி, எழுபத்தொன்றையும் தாண்டி, ஒன்றேகாலுக்கு வீட்டில் உலை வைத்தேன்.

மலையில் ஒரு சங்கதி பரவுவதற்கு வாய் கூட வேண்டாம். மறுநாள் காலை ஆறு மணிக்கு என் வாசலில் ஏழு பேர் நின்றார்கள், அதற்கடுத்த நாள் பத்தொன்பது பேர், வாரக் கடைசியில் வரிசை மாட்டுக் கொட்டகையைச் சுற்றிக்கொண்டு போயிற்று. எப்படி எடுப்பது என்பதை ஊர் தானாகவே கண்டுபிடித்தது. பலாப்பழம் எடை போடும் பெரிய தராசைக் கொண்டுவந்து போட்டு, அதன்மேல் உரச்சாக்கை விரித்து, அதன்மேல் ஆள் உட்காரவேண்டும். ஒரு வெற்றிலை போடுகிற நேரம் உட்கார்ந்துவிட்டு எழுந்தால் ஆள் எழுந்த பிறகும் முள் கீழேயே நிற்கும், அதுதான் எடை, சாக்கின் வாயைக் கட்டிவிடலாம். ஆனால் எழும்போது 'அப்பாடா' என்று சொல்லிவிடக் கூடாது, சொன்னால் அலுப்பும் கூடவே எழுந்து வந்துவிடும். எங்கள் மலையில் உட்கார்ந்தவர்கள் யாரும் அந்த வார்த்தை சொல்லாமல் எழுந்ததாகச் சரித்திரம் இல்லை. முதல் வாரம் முழுக்க முள் இறங்குவதும், ஆள் எழுவதும், 'அப்பா' என்று ஆரம்பித்து வாயைப் பொத்துவதும், முள் மேலே ஓடிவிடுவதும், மறுபடி உட்காருவதுமாகப் போயிற்று. பிறகு முந்தானையை வாயில் கவ்விக்கொண்டு எழுவது என்று வழக்கம் வந்தது. ஆண்கள் துண்டைக் கவ்வினார்கள்.

ஒவ்வொருத்தர் அலுப்பு ஒவ்வொரு தினுசு. மிளகு எடுக்கிறவர்களுடையது ஈரமணல். சத்துணவுக் கூடத்தில் சமைப்பவளுடையது சூடாக இருக்கும், சாக்கை மடியில் வைத்துக் கட்டினால் கதகதவென்று சுகமாக இருக்கும். போர்வெல் லாரிக்குப் புருஷனை அனுப்பிவிட்டு போனுக்குக் காத்திருக்கிறவர்கள் எங்கள் ஊரில் ஆறேழு பேர், அவர்களுடையது காலையில் தராசில் முள்ளை அசைக்காது, வழியில் வளைவுக்கு வளைவு கனம் கூடிக்கொண்டே வந்து, முப்பதாவது வளைவில் பிரேக் வாசம் அடிக்க ஆரம்பிக்கும். அதனால் அந்தச் சாக்குகளை ஒரே நாளில் இரண்டுக்கு மேல் ஏற்றமாட்டேன். மொத்தம் எழுபது கிலோ இருந்தால் போதும், அன்றைய நூற்றுப் பத்து தாராளமாக வந்துவிடும்.

தராசு வந்தால் சண்டையும் வரத்தானே செய்யும். வார்டு மெம்பர் பொன்னுரங்கம் ஒரு நாள் பெரிதாகக் கொட்டாவி விட்டுக்கொண்டே வந்து உட்கார்ந்தார். முள் அசைந்தது, அறுநூறு கிராம். அடுத்து அவர் வீட்டம்மா உட்கார்ந்தது, பதினாலு கிலோ.

"தராசு ரிப்பேரு" என்றார் மெம்பர்.

"மெம்பர் மாமா, நேத்து இதே தராசுலதான் உங்க பலாவ எடை போட்டு வித்தீங்க" என்றாள் சடைச்சி அக்கா.

"பலா வேற, இது வேற. ஊருக்காக மனசால ஒழைக்கறவனுக்கு அலுப்பு ஒடம்புல நிக்காது."

"அப்ப மனச கழட்டி வைங்க, எடை போடலாம்."

அன்றிலிருந்து எங்கள் ஊரில் எந்தப் புருஷனும் சாயந்தரம் வந்து, அலுப்பாக இருக்கிறது, தண்ணீர் கொண்டா என்று சொல்லவில்லை. சொன்னால் தராசைக் காட்டுவார்கள் என்ற பயம். தண்ணீரை அவர்களே மொண்டு குடித்தார்கள்.

அடிவாரத்தில் சாக்குகளை இஸ்மத் பாய் கடையைத் தாண்டி ஒரு கற்பள்ளத்தில் அவிழ்த்துக் கொட்டுவேன். அங்கே புல் படுத்துக்கொண்டது. அந்தப் பக்கத்துக் குரங்குகள் டூரிஸ்ட்டுகளிடம் பழம் பிடுங்குவதை விட்டுவிட்டு, கன்னத்தில் கை வைத்து வரிசையாக உட்கார்ந்து ரோட்டைப் பார்த்தன. யாராவது பழத்தைப் போட்டால் பிறகு தின்னலாம் என்பதுபோல் ஓரமாக நகர்த்தி வைத்தன. "நல்லதாப் போச்சு" என்றார் பாய். ஒரு மழை பெய்தால் கரைந்து ஓடைக்குப் போய்விடும்.

நீ உன் அலுப்பை ஏற்றவில்லையா என்று கேட்பார்கள். ஏற்றிப் பார்த்தேன். நானே ஓட்டிப் போய், நானே கொட்டி, நானே ஏறி வரவேண்டியிருப்பதால் டவுனுக்குள் போவதற்குள் புதிதாக அவ்வளவும் சேர்ந்துவிடுகிறது. கனிக்கும் அப்படித்தான். ஒரு மணி நேரம் காதைக் கொடுத்துக் கேட்பது பெரியவர்கள் நாள் முழுக்க மூட்டை தூக்குவதற்குச் சமம் என்று டீச்சரே சொன்னார். வரும்போது டேங்கின்மேல் பிள்ளை கல்லாகக் கனப்பாள். அந்தக் கனத்தையும் சேர்த்துத்தான் வண்டி ஏற்றியது.

இரண்டு மாதம் இப்படி ஓடியது. டீச்சர் திரைக்குப் பின்னால் நின்று டமாரம் தட்டினால் கனி திரும்பினாள். 'ஆ' என்றால் பொம்மைக் காரையும் 'ஊ' என்றால் பொம்மை ரயிலையும் எடுத்தாள். வார்த்தை வரவில்லை. கேட்டுக்கொண்டாள், உள்ளே வைத்துக்கொண்டாள், ஒன்றையும் திருப்பித் தரவில்லை.

ஊரில் அந்த இரண்டு மாதமும் யாரும் உட்காரவில்லை. முதலில் அதை நல்ல சகுனம் என்றுதான் நினைத்தோம். காலையில் அலுப்பை இறக்கி வைத்துவிட்டுப் போகிறவர்கள் மத்தியானம் சோற்றுக்கு நிற்காமல் எடுத்தார்கள், நாலு மணிக்கு எஸ்டேட் மணி அடித்தாலும் இன்னும் ஒரு மரம் என்றார்கள், வீட்டுக்கு வந்து வேலி கட்டினார்கள், கிணற்றில் தூர் வாரினார்கள், போன வருஷமே இடிந்த சுவரை எழுப்பினார்கள். யார் வீட்டிலும் வாசலில் உட்கார்ந்து பேசுகிற சத்தம் கேட்கவில்லை. சடைச்சி அக்கா ஒருத்தியே இரண்டு ஆள் மிளகு எடுத்தாள். "புள்ள, எனக்கு இருவது வயசு" என்று காலையில் சாக்கின்மேல் உட்காரும்போது சொல்வாள், முந்தானையைக் கவ்விக்கொண்டு எழுந்து, சிரித்தபடி ஓடுவாள். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்ததை நான் பார்த்தேன். பார்த்துவிட்டு, பதினெட்டு கிலோ என்று முள்ளையும் பார்த்தேன். முள்ளைத்தான் மனசில் வாங்கிக்கொண்டேன், அதை இங்கே மறைக்க மாட்டேன்.

பங்குனி கடைசியில் ஒரு மத்தியானம் அக்கா மூங்கிலில் இருபதடி உயரத்தில் நின்றபோது வலது கால் தன்பாட்டுக்கு மடங்கியது. நடுங்கவில்லை, வலிக்கவில்லை, மரத்துப்போகவில்லை, சும்மா மடங்கியது. கீழே சருகு மெத்தையாக இருந்ததால் உயிர் மிஞ்சியது. தொடை எலும்பு இரண்டு இடத்தில் போயிற்று.

டவுன் ஆஸ்பத்திரியில் கனியோடு போய்ப் பார்த்தேன். காலைத் தூக்கிக் கட்டியிருந்தார்கள். நான் அழுதேன். அக்காவுக்கு அழுகிறவர்களைப் பிடிக்காது.

"எதுக்குடி மூக்கச் சிந்தற. நீயா தள்ளிவிட்ட?"

"நான்தானே அக்கா தெனமும் எடுத்துட்டுப் போனேன்."

"நான்தானே குடுத்தேன்." தூக்கிக் கட்டியிருந்த காலைக் கையால் தட்டினாள். "முடியல, எறங்குன்னு ஒரு வார்த்த சொல்லிருந்தா எறங்கிருப்பேன் புள்ள. இருவத்தெட்டு வருசமா சொல்லிட்டு இருந்த காலு. இந்த ரெண்டு மாசமா எங்கிட்ட பேசவே இல்ல. நல்லா இருக்குதுன்னு நானும் கேக்கல."

அன்று திரும்பி வந்து தராசைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். மறுநாள் காலை வாசலில் நின்ற வரிசையிடம், இனி யாரும் தரவேண்டாம், உங்கள் அலுப்பை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், அது சொல்லும்போது உட்காருங்கள் என்றேன். மூன்று நாள் ஊரே படுத்துக் கிடந்தது. சேர்த்து வைத்த உறக்கத்தையெல்லாம் உறங்கினார்கள். எஸ்டேட் மேனேஜர் வந்து பார்த்து, கொள்ளை நோயா என்று கேட்டுவிட்டுப் போனார்.

நான் பழையபடி பச்சை லைட்டுக்குக் காத்திருந்தேன். ஐந்து நாள் போனேன், ஆறாவது நாள் எனக்குக் காய்ச்சல், ஏழாவது நாள் மாடு கட்டை அறுத்துக்கொண்டு மெம்பர் சோளத்தில் மேய்ந்து பஞ்சாயத்து, எட்டாவது நாள் என்னால் எழவே முடியவில்லை. அப்புறம் நாள் நாளாக விட்டுப்போயிற்று. இரண்டு வாரம் வகுப்பு இல்லை. கனி காது மிஷினைக் கழற்றி அரிசிப் பானைக்குள் போட்டாள். எடுத்து மாட்டினேன், மறுபடி கழற்றினாள். சத்தம் என்பது டவுனில் இருக்கிற பண்டம், மலைக்குத் தேவையில்லை என்று அவள் முடிவு செய்துவிட்ட மாதிரி இருந்தது. டீச்சர் போன் செய்து, "பூமதி, நான் திட்டல. ஆனா ஒரு நாள் விட்டா மூணு நாள் பின்னாடி போவா. கணக்கு நீயே போட்டுக்கோ" என்றார். சேட்டு போன் செய்து, ஊரை விட்டு டவுனில் வாடகைக்குப் போய்விடு என்றார். மாட்டை, காட்டை, வீட்டை யார் பார்ப்பது என்று கேட்டேன். அந்தப் பக்கம் போர் போடுகிற சத்தம்தான் கேட்டது.

வழி சொன்னது சடைச்சி அக்காதான், அதுவும் யோசித்துச் சொன்னதில்லை, எரிச்சலில் சொன்னது. ஆஸ்பத்திரியிலிருந்து காலில் மாவுக்கட்டோடு வந்து கட்டிலில் கிடந்தவள், நான் கஞ்சி கொண்டுபோனபோது கேட்டாள்.

"சார்ஜ் போடாம வந்தா வண்டி எங்க நிக்குது?"

"ஐம்பத்து நாலாவது வளைவுல."

"எஸ்டேட் கேட்டுக்கு எதுர்லயா?"

"ஆமா."

"அடியே, நாலு மணிக்கு எஸ்டேட்டு விட்டா பதினஞ்சு பொம்பளைங்க அந்த ஆறு கிலோமீட்டர நடந்துதானே வராளுங்க. கைய வீசிட்டு சும்மாதானே வராளுங்க. தள்ளிட்டு வந்தா என்னா."

இத்தனை நாளும் நான் அடிவாரத்தில் லைட்டைப் பார்த்துக்கொண்டிருந்ததால் அந்த கேட்டும் தெரியவில்லை, அந்தப் பதினைந்து பேரும் தெரியவில்லை. மறுநாள் வகுப்பு முடிந்து ஏறிவந்து, கேட்டுக்கு எதிரில் வண்டி நின்றதும் அதை அப்படியே ஓரங்கட்டிவிட்டு, கனியை மர நிழலில் விட்டு, நானும் அரை ஆளாக மிளகு உருவப் போனேன். நாலு மணிக்கு மணி அடித்தது. வந்தார்கள். எல்லாரும் காலையிலிருந்து வேலை செய்தவர்கள், எல்லாரிடமும் அவரவர் அலுப்பு அப்படியே இருந்தது. ஒருத்தியும் சந்தோஷமாகத் தள்ளவில்லை. முனகிக்கொண்டு, என்னையும் சேட்டையும் வண்டி விற்ற கம்பெனியையும் திட்டிக்கொண்டு, வளைவுக்கு வளைவு ஆள் மாற்றிக்கொண்டு தள்ளினார்கள்.

அக்கா தன் கட்டிலை வாசலில் போடச் சொல்லி, தராசைக் கேட்டு வாங்கி வைத்திருந்தாள். வந்து சேர்ந்தவர்களை அங்கேயே நிறுத்தினாள்.

"வண்டி குடுத்த அலுப்பு மட்டும் வண்டிக்கு. மத்ததுல கை வெச்சீங்கன்னா கட்டையால அடிப்பேன். இப்பத்தான் ஏறினது, மேலாப்புல இருக்கும், பாலாடை மாதிரி. உக்காந்த உடனே எந்திரிச்சுரணும்."

உட்கார்ந்தார்கள். அக்கா முள்ளைப் பார்த்துக்கொண்டு, ஒரு கிலோ, ஒன்றரை என்று வந்ததும் முதுகில் தட்டி எழுப்பினாள். மிஞ்சியதை அவர்களே வீட்டுக்குக் கொண்டுபோய், விளக்கு வைத்ததும் படுத்து உறங்கினார்கள்.

முதல் நாள் ஆறு கிலோமீட்டர் தள்ளிய அலுப்பு, மறுநாள் காலை இறங்கும்போது மூன்று கிலோமீட்டருக்கான கரண்டைத்தான் கொடுத்தது, அதனால் அன்று மூன்று தள்ளினால் போதுமாயிருந்தது. மூன்றுதான் தள்ளினோம் என்பதால் அலுப்பு பாதியாகி, அதற்கு மறுநாள் நாலரை தள்ளவேண்டி வந்தது. நாலரைக்கு அடுத்து மூன்றே முக்கால், அதற்கடுத்து நாலும் சொச்சமும். இப்படி ஏறியும் இறங்கியும் பத்துப் பன்னிரண்டு நாளில் நாலு கிலோமீட்டரில் வந்து நின்றது, அதற்குப் பிறகு கூடவும் இல்லை, குறையவும் இல்லை. மனுஷிக்கு நாலு, வண்டிக்கு இரண்டு என்று மலையே பங்கு பிரித்துக் கொடுத்தது போலிருந்தது. மெம்பர் இதற்கு ஒரு தீர்மானம் போட்டு மேலே அனுப்பலாமா என்று கேட்டார். வந்து ஒரு கை கொடுங்கள் என்றோம். ஒரு நாள் வந்தார். ஒரு வளைவு தள்ளினார். ஒரு கிலோ இருநூறு வந்தது. அந்த எண்ணை ஒரு மாதம் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

சித்திரை போய், வைகாசி போய், ஆடிக் காற்றில் வண்டி ஆடியது, ஐப்பசி மழையில் சாக்கு போர்த்திக்கொண்டு தள்ளினோம். ஒரு நாளும் விடவில்லை. கனி மிஷினைக் கழற்றுவதை நிறுத்தினாள். டேங்கின்மேல் குடை பிடித்து உட்கார்ந்து, பின்னால் வாய்கள் திட்டுவதையும் மூச்சு இரைப்பதையும் பேன் பார்ப்பது மாதிரி ஒவ்வொன்றாகப் பிரித்துக் கேட்டாள். வகுப்பில் டீச்சர் பொம்மையைத் தூக்கித் தூக்கிக் காட்டினார். பிள்ளை உதட்டைப் பார்த்தாளே தவிர, அவளிடமிருந்து ஒன்றும் வரவில்லை. கார்த்திகையில் டீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டார். தைக்கு இன்னும் ஐம்பது நாள் கூட இல்லை என்று இருவருக்கும் தெரியும்.

மார்கழி பிறந்து ஒரு வாரம் இருக்கும். மேகம் ரோட்டில் இறங்கி நடந்துகொண்டிருந்தது. அறுபதாவது வளைவு எப்போதும் செங்குத்து, அன்று சேறும் கூட. நான் ஹேண்டிலைப் பிடித்திருந்தேன், பின்னால் ஐந்து பேர். யாருக்கும் திட்டக்கூடத் திராணி இல்லை. வண்டி பாதி வளைவில் நின்று, ஒரு அடி பின்னால் நழுவியது. பின்னால் இருந்தவர்கள் கையை எடுக்காமல், தள்ளவும் தள்ளாமல் அப்படியே தலையைக் கவிழ்த்து நின்றார்கள். நானும் நின்றேன். அப்போது மேலேயிருந்து ஒரு குரல் வந்தது.

"தள்ளு."

நான் நிமிர்ந்து பார்த்தேன். கனி குடையை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, திரும்பி, பின்னால் நின்றவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தள்ளு. சோம்பேறி முண்டைங்களா, தள்ளு."

எட்டு மாதமாக அவர்கள் ஒருத்தரை ஒருத்தர் சொல்லிக்கொண்டு வந்தது, ஒரு எழுத்துப் பிசகாமல் வந்தது. டீச்சரின் ஆவும் இல்லை, ஊவும் இல்லை.

யாரும் கத்தவில்லை, யாரும் பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சவில்லை, கையை எடுத்தால் வண்டி பள்ளத்துக்குப் போய்விடும். பின்னால் நின்ற மெம்பர் வீட்டம்மா மட்டும் மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டாள்.

"இதுக்காடி பூமதி, இவள தெனமும் அம்பத்தஞ்சு கிலோமீட்டரு கூட்டிட்டுப் போற?"

"இதுக்குத்தான் அத்த" என்றேன்.

மழைத்தண்ணீர் வாய்க்குள் போனதால் உப்புக் கரித்தது. கனி இன்னும் ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள், பெரியவர்களை இப்படிப் பேசக்கூடாது, வாயை மூடு கண்ணு என்று சொன்னேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று என் காதில் விழுந்தது. பிள்ளை என் வாயைப் பார்க்காமலேயே கேட்டுக்கொண்டாள், பார்க்காமலேயே முகத்தைச் சுளித்தாள்.

"மாட்டேன்" என்றாள்.

ஐந்து பேரும் தோளைக் கொடுத்தார்கள், நான் ஹேண்டிலை வளைத்தேன், வண்டி நகர்ந்தது.